மூன்றாவது முறை வெட்டுவதற்கு முன்: சிறுநீர்ப் புறவழிச் சுருக்கம் பற்றி ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களும், அரசு மருத்துவக் கல்லூரிகளில் யூராலஜி என்று வழங்கும் சிறுநீரியல் அறுவைத் துறைகளின் தலைவர்களும்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து செயலாளராக ஓய்வு பெற்றவன் நான். எங்கள் தொழிலில் 'புக் அட்ஜஸ்ட்மென்ட்' என்றொரு வழக்கம் உண்டு. கடன் வாங்கியவர் ஒரு ரூபாய்கூடக் கட்டியிருக்க மாட்டார்; ஆனால் பழைய கடன் தீர்ந்தது என்று ஓரிடத்தில் எழுதி, அதே நாளில் அதே தொகைக்குப் புதுக்கடன் கொடுத்ததாக இன்னோரிடத்தில் எழுதிவிட்டால், ஏட்டில் வசூல் முழுமையாக நடந்ததாகத் தெரியும். தவணை தவறியவர் என்று ஊரில் ஒருவரும் இருக்க மாட்டார். அப்படிப்பட்ட ஏடுகளைப் பார்த்துச் சலித்த கண்ணோடுதான் என் மருத்துவக் கோப்பை ஒருநாள் விரித்து வைத்துப் படித்தேன். அதில் கண்டதையே இங்கு எழுதுகிறேன்.

2006ஆம் ஆண்டு ஐப்பசியில், மண் மூடிக் கிடந்த வேகத்தடை ஒன்றின் மேல் மோட்டார் சைக்கிள் ஏறித் தூக்கிப்போட, பெட்ரோல் டேங்கின் மேல் கவட்டை அடிபட விழுந்தேன். எலும்பு முறியவில்லை. உள்ளாடையில் சில சொட்டு ரத்தம் இருந்தது, அதுவும் இரண்டு நாளில் நின்றுவிட்டது. மறந்தும் போனேன். மூன்று மாதம் கழித்துச் சிறுநீர் நூலாக இறங்கத் தொடங்கியது; பொங்கல் கழிந்த சில நாளில் ஓர் இரவு ஒரு சொட்டும் வராமல் அடிவயிறு கல்லாகி, ஆட்டோவில் படுத்தபடி மருத்துவமனைக்குப் போனேன். சிறுநீர் வெளியேறும் குழாயான புறவழி தழும்பால் சுருங்கிப்போவதைக் குறிக்கும் 'ஸ்ட்ரிக்சர்' என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

2007 முதல் 2014 வரை, ஒரு அரசு மருத்துவமனையிலும் இரண்டு தனியார் மருத்துவமனைகளிலுமாக, ஐந்து முறை அந்த அடைப்பை உள்ளிருந்து வெட்டித் திறந்தார்கள். இடையிடையே கம்பி விட்டு விரித்தது எத்தனை முறை என்று நானே எண்ணிக்கை விட்டுவிட்டேன். ஐந்து டிஸ்சார்ஜ் சீட்டுகளும் ஏறத்தாழ ஒரே வாசகத்தைச் சொல்கின்றன: சிகிச்சை முடிந்தது, கதீட்டர் (சிறுநீரை வடிக்கும் குழாய்) போடப்பட்டது, நோயாளி நலமாக வீடு திரும்பினார். அது பொய்யில்லை, வீடு திரும்பிய அன்று நான் நலமாகத்தான் இருந்தேன். மூன்று மாதமோ எட்டு மாதமோ கழித்து மறுபடி முக்கி முக்கி நின்றபோது அந்த மருத்துவமனைகளில் எதுவும் என்னைக் கேட்கவில்லை. நானும் சலித்துப்போய் வேறொரு மருத்துவமனையைத் தேடிப் போனேன். ஆகவே முந்தைய மருத்துவமனையின் ஏட்டில் நான் இன்றுவரை குணமானவன். ஒரே மனிதனின் ஒரே அடைப்பு, மூன்று ஏடுகளில் ஐந்து வெற்றிகளாகப் பதிவாகியிருக்கிறது.

எந்த ஒரு மருத்துவரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. என்னை வெட்டியவர்கள் அனைவரும் அன்போடு நடந்துகொண்டவர்களே. குறை ஏட்டில் இருக்கிறது.

இந்த நோய் இல்லாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டியிருக்கிறது. ஆணின் சிறுநீர்ப் புறவழி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளமுள்ள மென்மையான குழாய். அதைச் சுற்றிப் பஞ்சு போன்ற, ரத்தம் நிறைந்த திசு இருக்கிறது. அடிபட்டாலோ, கதீட்டரோ கருவியோ உராய்ந்தாலோ, மேகவெட்டை போன்ற தொற்று ஏற்பட்டாலோ, ஆண்குறியின் தோலை வெளிறித் தடிக்கச் செய்யும் லைக்கன் ஸ்கிளீரோசஸ் என்னும் நோய் உள்ளே பரவினாலோ, அந்தப் பஞ்சுத் திசு தழும்பாக இறுகிவிடுகிறது. தழும்புக்குச் சுருங்குவதுதான் இயல்பு. உள்ளே கருவியை விட்டுத் தழும்பைக் கீறும்போது வழி திறக்கிறது. ஆனால் அந்தக் கீறல் ஆறுவதும் தழும்பாகத்தான். சிலருக்கு, அடைப்பு ஒரு சென்டிமீட்டர் அளவிலும் தழும்பு ஆழமில்லாமலும் இருந்தால், திறந்த வழி திறந்தபடியே நின்றுவிடுகிறது. மற்றவர்களுக்குக் கீறிய இடம் முன்னைவிட நீளமாகவும் தடிப்பாகவும் மூடிக்கொள்கிறது.

கண்ணால் பார்த்தபடியே உள்ளே வெட்டும் யூரித்ரோடமி 1970களில் பரவலாயிற்று. அரை மணி நேரத்தில் முடிவது, மறுநாளே வீட்டுக்குப் போவது, எந்த மாவட்டத் தலைநகரிலும் செய்யக்கூடியது என்பதால் அது நிலைத்துவிட்டதில் வியப்பில்லை. ஆனால் அதன் எல்லை நெடுநாளாகவே தெரிந்த ஒன்று. தென்னாப்பிரிக்காவில் 210 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கம்பியால் விரித்தும் மறு பகுதியினருக்கு வெட்டியும் பார்த்தார்கள். 1997இலும் 1998இலும் முடிவுகளை வெளியிட்டார்கள். விரிப்பதற்கும் வெட்டுவதற்கும் வேறுபாடு தெரியவில்லை. முதல் சிகிச்சைக்குப் பின் மூன்று மாதம் சுருங்காமல் தாக்குப் பிடித்தவர்களில் பாதிக்குச் சற்று மேலானோர் நான்கு ஆண்டுகள் கழித்தும் நன்றாக இருந்தார்கள். மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் திரும்பச் சுருங்கி மூன்றாவது முறையாகச் சிகிச்சை பெற்றவர்களுக்கோ, இரண்டு ஆண்டு முடிவில் அடைப்பின்றி இருப்பதற்கான மதிப்பீடு பூச்சியம்.

அந்தப் பூச்சியத்தைப் படித்தபோது என் கோப்பில் இருந்த நான்காவது சீட்டையும் ஐந்தாவது சீட்டையும் எடுத்துப் பார்த்தேன். அவற்றின் தேதிகள் 2011, 2014. அந்த ஆய்வு வெளிவந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

சீரமைப்பு அறுவையான யூரித்ரோபிளாஸ்டியை எனக்கு 2016இல் செய்தார்கள். அதற்கு முன் இரண்டு மாதம் புறவழியில் எந்தக் கருவியும் நுழையக் கூடாது என்று சொல்லி, அடிவயிற்றின் வழியாகச் சிறுநீர்ப்பையில் குழாய் வைத்து ஓய்வு கொடுத்தார்கள். தழும்பின் உண்மையான நீளம் அப்போதுதான் தெரியும் என்றார் மருத்துவர். முன்பக்கமிருந்து மருந்து செலுத்தி எடுக்கும் ஆர்.ஜி.யு. என்ற எக்ஸ்ரே படத்தில் அடைப்பு நான்கு சென்டிமீட்டர். 2007ஆம் ஆண்டுச் சீட்டில் அது 'குறுகிய அடைப்பு' என்று எழுதப்பட்டிருந்தது. தொடக்கத்திலேயே படம் எடுத்திருந்தால் அன்றைய அளவை இன்று சொல்லியிருப்பேன், எடுக்கவில்லை. குறுகியதாக இருந்திருந்தால் தழும்பை அறுத்து நீக்கி இரு முனைகளையும் நேராகத் தைத்திருக்கலாம் என்றும், அந்த முறை பத்தில் ஒன்பது பேருக்குமேல் நிலைத்து நிற்கும் என்றும், இப்போது நீளம் கூடிவிட்டதால் ஒட்டு வைக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். பொறுமையாக, படத்தின் மேல் பேனாவால் கோடு போட்டுக் காட்டியபடி சொன்னார். ஒன்பது ஆண்டுகளில் என் உடம்பின் படத்தை எனக்கு விளக்கிய முதல் மனிதர் அவர்.

ஒட்டுக்கான திசுவைக் கன்னத்தின் உட்புறத்திலிருந்து எடுக்கிறார்கள். எப்போதும் ஈரத்தில் கிடந்து பழகியது, தொற்றைத் தாங்குவது, மேல்தோல் தடித்து அடித்திசு மெலிந்திருப்பதால் புதிய இடத்தில் ரத்த ஓட்டத்தை விரைவில் பற்றிக்கொள்வது ஆகியவையே அதன் சிறப்புகள். அந்த ஒட்டைப் புறவழியின் மேற்புறத்தில் வைத்துத் தைக்கும் முறையை இத்தாலியின் குய்தோ பார்பாக்லி 1996இல் வெளியிட்டார். ஒரு பக்கத்துத் தசையையும் நரம்பையும் ரத்தக் குழாய்களையும் தொடாமல், மறுபக்கமாக மட்டும் பிரித்து ஒட்டு வைக்கும் முறையைப் புனேயைச் சேர்ந்த சஞ்சய் குல்கர்னி 2009இல் வெளியிட்டார்; உலகெங்கும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. இந்தத் துறையில் நாம் வெளிநாட்டைப் பார்த்து ஏங்கும் நிலையில் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் நம் ஊருக்கே உரிய ஓர் இடரும் இருக்கிறது. பாக்கும் புகையிலையும் மென்று கன்னம் இறுகி, வாயை இரண்டு விரலுக்குமேல் திறக்க முடியாத ஆண்களிடமிருந்து எடுக்க நல்ல கன்னத் திசு கிடைக்காது. அறுவை மேசைக்கு வந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட, ஓ.பி.யில் முதல் நாளே வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

சீரமைப்பு அறுவை ஒரு மாயம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லி ஆள் சேர்ப்பவர்களை எனக்கும் பிடிக்காது. எனக்கு இன்றும் சிறுநீர் கழித்து முடித்தபின் சில சொட்டுகள் ஒழுகுகின்றன. ஒட்டு வைத்த இடம் சற்றே பையாக விரிந்து சிறுநீரைத் தேக்குவதால் இது பலருக்கும் நேர்வது. கன்னம் இரண்டு மாதம் மரத்துக் கிடந்தது. ஆண்மை குறித்த அச்சம் ஆறு மாதம் இருந்தது, பிறகு நீங்கியது. பெரும்பாலோருக்கு அப்படி நீங்கிவிடும் என்பதை அறுவைக்கு முன்பே ஒருவர் சொல்லியிருந்தால் நானும் என் மனைவியும் அந்த ஆறு மாதத்தை வேறு விதமாகக் கழித்திருப்போம். இவை எவையும் டிஸ்சார்ஜ் சீட்டில் வராது. கேட்டால்தான் தெரியும்.

ஆய்வுகளும் இந்த அடக்கத்தையே கற்பிக்கின்றன. பிரிட்டனில் ஒரு முறையாவது சிகிச்சை பெற்று மீண்டும் சுருங்கிய 222 ஆண்களை, வெட்டுவதற்கும் சீரமைப்பதற்கும் குலுக்கலில் பிரித்து, இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2020இல் முடிவு சொன்னார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் சிறுநீர் கழிக்கும் தொல்லை இரு தரப்பாருக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்திருந்தது. வெட்டுவதை ஆதரிப்பவர்கள் இந்த வரியோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்த வரி, மறுபடி சிகிச்சை தேவைப்பட்டவர்கள் வெட்டிய தரப்பில் 29 பேர், சீரமைத்த தரப்பில் 15 பேர் என்கிறது. இரண்டு வரிகளையும் சேர்த்து நோயாளியின் முன் வைத்துவிட்டு, எது வேண்டும் என்று அவரையே கேட்பதுதான் முறை. தினக்கூலிக்குப் போகும் ஒருவர், இப்போது மூன்று வாரம் கதீட்டரோடு வீட்டில் கிடக்க முடியாது, தறி ஓடாவிட்டால் அடுப்பு எரியாது என்று சொல்லி, தெரிந்தே இரண்டாவது வெட்டைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் நியாயமான முடிவே. எனக்கு அப்படி ஒரு தேர்வு இருப்பதே சொல்லப்படவில்லை. உள்ளே வெட்டியது தவறிய பிறகு மறுபடி மறுபடி வெட்டுவதற்குப் பதிலாகச் சீரமைப்பு அறுவையை நோயாளிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்க யூராலஜி சங்கத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. மருந்து பூசிய பலூன் போன்ற புதுக்கருவிகளும் வந்திருக்கின்றன. அவற்றின் விலையையும் நீண்டகாலப் பயனையும் எடைபோடக்கூட நமக்கு முதலில் கணக்கு வேண்டும்.

நெடுங்காலக் கணக்கு ஏன் வேண்டும் என்பதற்கு லண்டனிலிருந்து 2003இல் வந்த ஒரு கட்டுரை சான்று. அறுத்து நேராகத் தைத்தவர்களில் 15 ஆண்டு முடிவில் 14 விழுக்காட்டினருக்கே மீண்டும் சுருக்கம் வந்திருந்தது. வேறு திசுவை வைத்துச் சீரமைத்தவர்களில் அது 58 விழுக்காடு. அக்காலத்துச் செய்முறைகள் இன்றைய கன்னத்து ஒட்டைப் போன்றவை இல்லை, ஆகவே அந்த 58ஐ அப்படியே இன்று பொருத்த முடியாது. ஆனாலும் முதல் ஆண்டில் ஓரளவு நெருங்கியிருந்த இரண்டு எண்கள் 15 ஆண்டுகளில் எவ்வளவு விலகிப் போயின என்பதை, 15 ஆண்டுகள் ஏடு வைத்திருந்த ஒரு துறையால் மட்டுமே சொல்ல முடிந்தது.

ஆகவே துறையிடம் நான் கேட்பது முதலில் ஒரு பக்கம். அட்டையில் அச்சிட்ட ஒரே ஒரு பக்கம். நோயாளியின் கையில் ஒன்று, மருத்துவமனையில் ஒன்று. அடைப்பு எங்கே, எவ்வளவு நீளம், என்ன காரணத்தால், இதுவரை எத்தனை முறை எந்தத் தேதிகளில் வெட்டியோ விரித்தோ இருக்கிறார்கள் என்பவை அதில் இருக்க வேண்டும். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அந்த அட்டையை நீட்டினால், என்னைப் போன்றவன் ஒவ்வொரு முறையும் புது நோயாளியாகக் கணக்கில் ஏறுவது நின்றுவிடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் சிகிச்சை பெற்றவர்களுக்கு இதில் பாதி வேலை முன்பே முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். பணம் கோரிய பதிவுகளில் ஒரே குடும்ப அட்டை எண்ணின் கீழ் ஒரே மனிதருக்கு இந்தச் சிகிச்சை இரண்டு முறைக்குமேல் வருகிறதா என்று தேடிப் பார்க்க எங்கள் சங்கத்துக் கணினிப் பயிற்சியாளருக்கே ஒரு பிற்பகல் போதும்.

அந்த அட்டையில் இரண்டு பதிவுகள் ஏறிவிட்டால், மூன்றாவதாக வெட்டுவதற்கு முன் ஆர்.ஜி.யு. படத்தோடு அந்த நோயாளியைச் சீரமைப்பு அறுவை வழக்கமாகச் செய்யும் ஒரு துறைக்கு அனுப்பி, அங்கிருந்து எழுத்தில் ஒரு கருத்து பெற வேண்டும் என்று ஆணையிடுங்கள். தடை வேண்டும் என்று கேட்கவில்லை. முதுமையினாலோ இதய நோயினாலோ பெரிய அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கு அவ்வப்போது விரிப்பதும், தாமே கதீட்டர் போட்டுக்கொள்ளக் கற்பதுமே பொருத்தமாக இருக்கலாம். அப்படியானால் அந்தக் காரணம் அட்டையில் எழுதப்பட்டிருக்கட்டும். எல்லா மாவட்டத்திலும் இந்த அறுவையைத் தொடங்க வேண்டும் என்றும் நான் கேட்க மாட்டேன். ஆண்டுக்கு இரண்டு மூன்று செய்யும் கை இதில் தேறாது. நான்கைந்து மருத்துவக் கல்லூரிகளில் குவித்து, போக்குவரத்துச் செலவைக் கொடுப்பதே மேல்.

அறுவைக்குப் பிந்தைய விசாரிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இதுவரை யாரும் கேட்காதது அதுதான். மூன்றாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பிறகு ஆண்டுதோறும் என்று அழைத்து, சிறுநீர் பாயும் வேகத்தை அளக்கும் யூரோஃப்ளோ கருவியில் சிறுநீர் கழிக்கச் சொன்னால் போதும். நல்ல நிலையில் உள்ள ஆணுக்கு உச்ச வேகம் நொடிக்கு 15 மில்லிலிட்டருக்கு மேல் போய், வரைகோடு மணிபோல் ஏறி இறங்கும். அடைப்பு திரும்பினால் கோடு மேசைபோல் தட்டையாக நீளும். எண்ணைவிட அந்தத் தட்டைக் கோடு பலவற்றைச் சொல்லிவிடும். கருவி இல்லாத இடத்துக்கும் வழி உண்டு. 2011இல் பிரிட்டன் மருத்துவர்கள் இந்த நோய்க்கென்றே ஒரு வினாத்தாள் வெளியிட்டார்கள். சிறுநீர்த் தொல்லை பற்றிய ஆறு கேள்விகளோடு ஒரு படமும் அதில் சேர்ந்திருக்கிறது. நன்றாகப் பாய்ந்து விழும் தாரை முதல் காலடியில் சொட்டும் தாரை வரை நான்கு நிலைகளைக் காட்டும் படம் அது. எழுத்துத் தெரியாதவரும் அதில் விரல் வைத்துக் காட்டலாம். தமிழில் முறையாக மொழிபெயர்த்துச் சோதித்துப் பார்த்து, நோயாளியின் கையில் கொடுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களுள் மிகப் பலர் பெண்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ரத்தக் கொதிப்பைப் பற்றி அவர்களிடம் வாய் ஓயாமல் பேசுவார்கள், இதைப் பற்றி உயிர் போனாலும் வாய் திறக்க மாட்டார்கள். மடித்துக் கொடுக்கும் ஒரு படத்தில் விரல் வைத்துவிட்டு அவர்களும் தலைகுனியாமல் இருக்கலாம்.

சாலை விபத்தில் இடுப்பெலும்பு முறிந்தவர்களின் நிலை என்னுடையதைவிடக் கொடியது. அவர்களுள் சிலருக்குப் புறவழி அறுந்தே போகிறது. அங்கே பதற்றத்தில் கதீட்டரைத் திணித்தால் பாதி கிழிந்தது முழுதும் கிழியக்கூடும் என்பதால், அடிவயிற்றில் குழாய் வைத்து, ஏறத்தாழ மூன்று மாதம் பொறுத்து, பிறகு விதைப்பைக்குப் பின்புறமாகத் திறந்து இரு முனைகளையும் இணைக்கிறார்கள். முதல் முறை சரியாகச் செய்வதே நல்ல வாய்ப்பு. தவறிப்போன பின் செய்வது ஒவ்வொரு முறையும் கடினமாகிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் விபத்தின் முதல் 48 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது. அதைப் போற்றுகிறேன். ஆனால் வயிற்றில் குழாயோடும் இடுப்பில் பையோடும் வீட்டுக்கு அனுப்பப்பட்ட இருபது வயதுப் பையனுக்கு 48 மணி நேரத்தைவிட 90ஆம் நாள் முக்கியம். அந்த நாளுக்கான தேதியும், போக வேண்டிய மருத்துவமனையின் பெயரும் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே இருக்க வேண்டும். 2016இல் என் பக்கத்துக் கட்டிலில் இருந்த இளைஞர் அப்படி ஒரு தேதி இல்லாமல் மூன்று ஆண்டுகள் அந்தப் பையைச் சுமந்திருந்தார். பெண் பார்க்கும் பேச்சு எழும்போதெல்லாம் வெளியூர் வேலைக்குப் போய்விடுவாராம்.

கதீட்டரால் வரும் சுருக்கம் பற்றி ஒரு வரி போதும்: சிறுநீர் வருவதைக் கண்ட பிறகே கதீட்டர் நழுவாமல் சிறுநீர்ப்பைக்குள் பிடித்து நிறுத்தும் பலூனில் நீர் ஏற்ற வேண்டும் என்ற விதியை ஒவ்வொரு வார்டின் சுவரிலும் எழுதி ஒட்டுங்கள், புறவழிக்குள்ளேயே பலூனை ஊதிவிட்டுப் பிறகு ஸ்ட்ரிக்சருக்கு ஓ.பி. சீட்டுப் போடுவது எந்த ஏட்டுக்கும் அழகில்லை.

துறைத் தலைவர்களிடம் தனியாக ஒன்று. உங்கள் ஒவ்வொருவரின் பதிவேட்டிலும் கடந்த ஐந்து ஆண்டுகளில் இந்த நோய்க்கு வெட்டப்பட்டவர்களின் பெயரும் கைப்பேசி எண்ணும் இருக்கும். அவர்களில் முதல் ஐம்பது பேரை ஒரு பட்டமேற்படிப்பு மாணவரை விட்டு அழைக்கச் சொல்லுங்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று பொதுவாகக் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், முக்க வேண்டியிருக்கிறதா, எங்களிடம் வந்து போன பிறகு வேறெங்காவது மறுபடி வெட்டிக்கொண்டீர்களா என்று கேட்கச் சொல்லுங்கள். கிடைக்கும் விடைகளைத் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினாலும் சரி, உள்ளேயே வைத்துக்கொண்டாலும் சரி.

என்னுடைய ஐந்து சீட்டுகள், 2016ஆம் ஆண்டுப் படம், அதற்குப் பின் ஆண்டுதோறும் நானே பணம் கட்டி எடுத்துவரும் யூரோஃப்ளோ தாள்கள் ஆகியவற்றின் நகல்களைப் பெயரை மறைத்து இம்மடலோடு துறைக்கு அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். அட்டை அச்சாகும் நாளில் முதல் அட்டையை என் கணக்கைக் கொண்டு நிரப்பிப் பார்க்க விரும்பினால், அதற்கு வேண்டிய தேதிகள் அனைத்தும் அவற்றில் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர் ஒருவர்